அது நரம்புதானுங்க

இப்புடி உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாமுங்க, ஒரு கால் ஆட்டம். நாங்க இந்த ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்ச நாளா அது ஆடிட்டேதான் இருக்குது, ஒருத்தரும் சரி பண்ண மாட்டேங்கறாங்க. ஒரு ஸ்பேனர் இருந்தா நானே முடுக்கிடுவேன். பையை மடியில வெச்சுக்கிட்டு இக்கட்டால, எம்பக்கமா வாங்க.

உள்ள யாருங்க, சம்சாரமுங்களா? ஓ, தங்கச்சிங்களா. ஸ்கேனுக்குப் போயிருக்குதா. அதுக்குச் சித்தெ நேரமாகுமுங்க. என்னன்னு சொல்றாங்க? எம்.எஸ்.ஸுங்களா? அட சாமி. எங்கூட்டுக்காரி சாந்தாமணிக்கும் அதுதானுங்க. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அந்தப் பேரு என் வாயில நுழையறதுக்குள்ள அவளுக்கு எடது கால் இழுக்க ஆரம்பிச்சிருச்சு.

நானுங்களா? நான் எதுக்கு வெளிய உக்காந்திருக்கறேன்னுதான் நானும் யோசிச்சிட்டிருக்கறனுங்க. எப்பவும் ஒட்டுக்காத்தான் உள்ள போவோம். பழைய டாக்டரு இருந்த வரைக்கும், "என்ன நாச்சிமுத்து, எப்படி இருக்காங்க"ன்னு என்கிட்டத்தான் கேப்பாரு. நான் ஒண்ணு விடாமச் சொல்லுவேன். சாந்தாமணி பக்கத்துல உக்காந்து தலையாட்டுவா. இப்பப் புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்குது. சின்ன வயசு. இன்னைக்கு நான் ஒரு நல்ல சேதி கொண்டாந்திருந்தனுங்க. வாய் நிறையச் சொன்னேன். அந்தம்மா மூஞ்சியில ஒரு சந்தோசத்தையும் காணோம். சாந்தாமணியவே பாத்துட்டு இருந்துது. பொறகு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்"னு சொல்லிக் கதவைச் சாத்திருச்சு. இதென்னங்க பழக்கம்? அவளுக்கு என்ன தெரியும் சொல்றதுக்கு? எந்த மாத்திரை எப்பன்னு கூட எனக்குத்தான் தெரியும்.

என்ன நல்ல சேதின்னு கேக்கறீங்களா? சொல்றேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் பிரயோசனமா இருக்கும். உங்க பேச்சைக் கேட்டாத் திருச்சிப் பக்கமாட்டத் தெரியுது. நாங்க காங்கயமுங்க. மோட்டார் ரீவைண்டிங் கடை. கெணத்து மோட்டார், போர் மோட்டார், எது எரிஞ்சாலும் என்கிட்டத்தான் வருமுங்க. அவளும் என்கூட உக்காந்து காயில் சுத்துவா. நான் பேசிக்கிட்டே சுத்துனா எண்ணிக்கை தப்பிரும். அவ ஊர்க்கதையெல்லாம் பேசிக்கிட்டே சுத்துவா, ஒரு சுத்துத் தப்பாது. நெம்பக் கெட்டிக்காரி.

ஒருநாள் சந்தைக்குப் போயிட்டு வாரா, ஒரு கால்ல செருப்பு இருக்குது, ஒரு கால்ல இல்ல. "எங்க அம்மிணி செருப்பு"ன்னு கேட்டா, குனிஞ்சு பாத்துட்டுத்தான் தெரிஞ்சுக்கறா. வழியில எங்கியோ கழண்டு போயிருக்குது, தார் ரோட்டுல வெறுங்கால்ல நடந்து வந்திருக்கறா, அந்தக் கால் அவளுக்கு ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ரெண்டு பேரும் சிரிச்சோமுங்க. செருப்புத் தேய்ஞ்சு போச்சுன்னு சொன்னா வாங்கித் தர மாட்டேனா, தொலைச்சுட்டு வந்தியான்னு கேலி பண்ணுனேன். பொறகு ஒரு கண்ணு மங்கிப்போச்சு. கண்ணு டாக்டர், எலும்பு டாக்டர், மந்திரிக்கறவரு, எல்லாம் பாத்துட்டுக் கடைசியா இங்க வந்து சேந்தோம்.

பழைய டாக்டரு ஒரு காகிதத்துல நரம்பை வரைஞ்சு காட்டுனாரு. நரம்பு மேல ஒரு உறை இருக்குது, அந்த உறை அங்கங்க போயிருதுன்னாரு. எனக்குப் படக்குன்னு புரிஞ்சு போச்சுங்க. "காயில் கம்பி மேல பூச்சுப் போற மாதிரிங்களா சார்"னேன். மோட்டாருக்குள்ள இருக்கற செம்புக் கம்பி மேல கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒண்ணு இருக்குமுங்க. அது போச்சுன்னா கரண்டு போக வேண்டிய பக்கம் போகாது, தொட்ட எடத்துல ஷாக் அடிக்கும். டாக்டரு, "அதேதான்"னு சொல்லி என்கிட்டக் கை குடுத்தாருங்க. படிச்சவங்களுக்கே இத்தனை சுருக்காப் புரியாதுன்னாரு.

அதுக்கப்புறம் நான் எதுக்கும் பயப்படல. கை மரத்துப் போச்சா, கரண்டு போய்ச் சேரல. கால் துள்ளுதா, கரண்டு லீக்காகுது. அவளுக்கும் அப்புடித்தான் சொல்லிக் குடுத்தேன். அவ காயில் சுத்தறதை நிறுத்திட்டேன். கை நடுங்குது, எண்ணிக்கை போயிரும். "மெதுவாச் சுத்தறனுங் மாமா, சின்ன மோட்டார் மட்டும் குடுங்க"ன்னு கேட்டா. எதுக்குங்க? அதையெல்லாம் வெளிய குடுத்து வாங்கிக்கறேன். சமையலும் நானேதான். துணி தொவைக்கறது, அவ தலை சீவறது முதக்கொண்டு நாந்தானுங்க. எங்க வீதியில போய்க் கேட்டுப் பாருங்க. பொம்பளைங்கெல்லாம் அவங்கவங்க புருசனைத் திட்டறப்ப என்னையத்தான் உதாரணம் சொல்லுவாங்க.

ஆனா உங்களுக்கு நான் முக்கியமாச் சொல்ல வந்தது அதில்ல. அழுகை. அதைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க. தங்கச்சி பஸ்ஸுல வர்றப்ப ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுட்டே வந்துச்சுன்னீங்களே, அதுக்குத்தான்.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன் இருந்தாருங்க, தெய்வசிகாமணி. அப்பா ஸ்தானம். எங்க பக்கம் கல்யாணத்துல இணைச்சீர்னு ஒண்ணு பண்ணுவோம். மாப்பிள்ளை தாலி கட்டறதுக்கு முன்னாடி, கூடப் பொறந்தவளைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பண்ற சீர். தெய்வசிகாமணிக்கு இணைச்சீர் பண்ணுனவ இவ. பொங்கல் வந்தா அந்த மனுசன் கரும்பைத் தோள்ல வெச்சுக்கிட்டு நடந்தே வருவாரு. தங்கச்சிக்கு வண்டியில அனுப்பிச்சா மரியாதை இல்லீன்னு. அவரு ஒருநாள் மஞ்சக் காட்டுல தண்ணி கட்டிக்கிட்டு இருந்தவரு அப்புடியே சாஞ்சுட்டாரு.

எழவு ஊட்டுக்கு இவளைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். வாசல்ல பொம்பளைங்க கட்டிப் புடிச்சு அழுகறாங்க. இவளும் போய் அண்ணன் கால்மாட்டுல உக்காந்தா. மொதல்ல அழுதா. அப்புறம் ஒரு சத்தம் வந்துதுங்க. நான் விக்கல்னு நெனைச்சேன். பாத்தா சிரிக்கறா. சிரிப்புன்னா சும்மா சிரிப்பில்ல தம்பி, வயித்தைப் புடிச்சுக்கிட்டு, தலையைப் பின்னால சாச்சுக்கிட்டுச் சிரிக்கறா. சேலை முந்தானைய வாயில திணிச்சுக்கறா, அதையும் மீறி வருது. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி, வாயில சிரிப்பு. கொட்டு அடிக்கறவங்க கூட நிறுத்திட்டாங்க. அவ நங்கை, அதாவது அண்ணன் பொண்டாட்டி, எந்திரிச்சு வந்து, "எம்புருசன் செத்தது உனக்குச் சிரிப்பா இருக்குதாடி"ன்னு கேட்டுச்சு. இவ அதுக்கும் சிரிக்கறா.

தூக்கி வேன்ல உக்கார வெச்சேன். அங்க வந்ததும் நின்னு போச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நான் சிரிக்கலீங் மாமா, எனக்குள்ள இருந்து வேற யாரோ சிரிக்கறாங்க"ன்னா. அதுக்கப்புறம் அவ அண்ணன் மூஞ்சியக் கடைசியா ஒருக்காப் பாக்க அவங்க விடல.

டாக்டருகிட்ட ஓடி வந்தோம். அவருதான் சொன்னாரு, இதுவும் அந்த நோய்தான்னு. மனசு ஒண்ணு நெனைக்கும், நரம்பு தானா ஒண்ணைப் பண்ணும். சிரிப்பு இல்லாம சிரிப்பு வரும், அழுகை இல்லாம அழுகை வரும். அதுக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் குடுத்தாரு. இன்னும் என்னமோ சொன்னாருங்க, இந்த நோய்க்காரங்களுக்கு நெசமான மன வருத்தமும் வரும், அது வேற இது வேறன்னு. அதுக்குள்ள எனக்கு விசயம் புடிபட்டுருச்சு. சந்தோசத்துல நான் எந்திரிச்சே நின்னுட்டேன்.

வந்த கையோட நான் பண்ணுன காரியத்தைக் கேளுங்க. வண்டிய எடுத்துக்கிட்டுச் சொந்தக்காரங்க ஊடு ஊடாப் போனேன். அவ நங்கை வாசல்ல நின்னு, கும்பிட்டுச் சொன்னேன், "அது சிரிப்பில்லீங்க, நரம்புங்க." எல்லார்த்துகிட்டயும் அதையே சொன்னேன். எம்பொண்டாட்டி பேரை நான் காப்பாத்தோணுமில்லீங்க? ஊர்ல பாதிப் பேரு கேட்டுக்கிட்டாங்க. அவ நங்கை மட்டும் கதவைச் சாத்திருச்சு. அண்ணனூட்டுக் கரும்பு அத்தோட நின்னு போச்சு.

ஊட்லயும் ஒரு சட்டம் போட்டேன். அவ அழுதாலும் சிரிச்சாலும் யாரும் கண்டுக்கப்படாது. ஏன், என்னன்னு கேட்டா அவளுக்குக் கூச்சமாப் போயிருமில்லீங்க? அது நெசமாவே நல்லாத்தான் இருந்துது தம்பி. டிவியில ஒருத்தன் வழுக்கி விழுவான், இவ குலுங்கிக் குலுங்கி அழுவா. சிலிண்டர் வந்துதுன்னு அழுவா. ரெண்டு நிமிசந்தான். கொழாயைத் திருகுன மாதிரி டக்குன்னு நின்னுரும். மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, "எதுல விட்டோமுங் மாமா"ன்னு கேப்பா. நான், "கரண்டு வந்துட்டுப் போயிருச்சு அம்மிணி"ம்பேன். ரெண்டு பேரும் நெசமாவே சிரிப்போம். நரம்பு அழுகைக்கு அதுதான் அடையாளம், ஞாபகம் வெச்சுக்குங்க. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது.

போன வருசம் அவங்கண்ணன் பையனுக்குக் கல்யாணம் வந்துச்சு. அவ நங்கையே நேர்ல வந்துருச்சுங்க பத்திரிகை வெக்க. அத்தனை வருசத்துக்கு அப்புறம். தட்டுல வெத்தலை பாக்கு, பூவு, ஒரு சேலை. உள்ள இருந்த சாந்தாமணி அவ நங்கை குரலைக் கேட்டுட்டுச் செவுத்தைப் புடிச்சுப் புடிச்சு வந்துட்டு இருக்கறா. ரூமுல இருந்து முன்வாசலுக்கு வர அவளுக்கு நேரமாகும். அதுக்குள்ள நான் முடிச்சுட்டேன். "நீங்க வந்ததே போதுமுங்க, நாங்க வரலை. முகூர்த்த நேரத்துல இவ அழுது வெச்சா நல்லாருக்காது. தெரியுமில்ல, நரம்பு"ன்னுட்டேன். பெரிய மனசுங்க அந்தம்மாளுக்கு. "அழுதா அழுதுட்டுப் போறா, அண்ணா. அத்தைக்காரி இல்லாம என்ன கல்யாணம்"னு சொல்லுச்சு. நான் ஒத்துக்கல. அவங்க சொல்லுவாங்க, மண்டபத்துல உக்காந்திருக்கற ஆயிரம் பேரும் சும்மா இருப்பாங்களா? மறுக்காவும் அவ ஒரு பேச்சு வாங்கோணுமா? தட்டை நானே கையில வாங்கிக்கிட்டு அனுப்பி வெச்சேன்.

சாந்தாமணி வாசலுக்கு வந்து சேர்றதுக்குள்ள கார் கெளம்பிருச்சு.

அன்னைக்கு மத்தியானம் அழுக ஆரம்பிச்சாளுங்க. சத்தமே இல்ல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, தோளு மட்டும் ஆடுது. நான் சட்டப்படி கண்டுக்கல. டிவிய எச்சாச் சத்தம் வெச்சேன். சோறு போட்டு வெச்சேன், ஆறிப் போச்சு. பொழுது சாஞ்சு பாக்கறேன், இன்னும் அழுதுட்டுத்தான் இருக்கறா. "என்ன அம்மிணி, இன்னைக்குக் கரண்டு போகவே மாட்டேங்குது"ன்னு தமாசு பண்ணுனேன். திரும்பி என்னையப் பாத்தா. "மாமா, இது நரம்பு இல்லீங்க. இது நாந்தான் அழுகறேன்"னா.

நான் தலையைத் தடவிக் குடுத்து, "நரம்பு உன்னைய அப்புடித்தான் சொல்ல வெக்கும் கண்ணு. நீ தூங்கு"ன்னேன்.

பாருங்க, எத்தனை பக்குவமாச் சொன்னேன். வேற ஒருத்தனா இருந்தா எரிஞ்சு விழுந்திருப்பான்.

அதுக்கப்புறம் அப்பப்ப அப்புடித்தான். வெடியால எந்திரிக்கறப்பவே கண்ணு நனைஞ்சிருக்கும். எம்மகள் இலக்கியா கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்து படிக்குது, லீவுக்கு வந்துது. ரெண்டு நாள் பாத்துட்டு, "அப்பா, அம்மா நெசமாவே அழுகுது. என்னன்னு ஒருக்காக் கேளுங்கப்பா. மனசு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போலாம்"னுது. எனக்குக் கோவம் வந்துருச்சு. இத்தனை வருசம் பக்கத்துல இருந்து பாக்கறவன் நானு. உங்கம்மா என்ன பைத்தியமா, மனசு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறதுக்குன்னு கேட்டேன். புள்ள அவங்கம்மா கூடப் படுத்துக்கிட்டுக் கெடந்துச்சு, மறுநாள் கெளம்பிப் போயிருச்சு. போறப்ப என்கிட்டச் சொல்லிக்கல.

இப்ப நல்ல சேதிக்கு வரேன். அழுகை நின்னுருச்சுங்க! அடியோட நின்னுருச்சு. சிரிப்பும் இல்ல. மூஞ்சி தண்ணியாட்டம் தெளிவா இருக்குது. நான் மாத்திரைதான் வேலை செய்யுதுன்னு நெனைக்கறேன். ஒரு தொந்தரவும் கெடையாது. டிவி போட்டாப் பாப்பா, அமத்துனா அமத்துன டிவியப் பாப்பா. இது வேணும், அது வேணும்னு ஒரு வார்த்தை கேக்கறதில்ல. சாப்பாடு மட்டும் ரெண்டு வாய்க்கு மேல போகறதில்ல. நான் சமைக்கறது அப்புடி இருக்குதோ என்னமோ.

மனசும் பக்குவமாயிருச்சுங்க. எதுலயும் ஆசை கெடையாது. இலக்கியா மறுக்கா வந்தப்ப மூக்குத்தியக் கழட்டி அது கையில குடுத்துட்டா. அண்ணன் எடுத்துக் குடுத்த மூக்குத்தி, குளிக்கறப்பக் கூடக் கழட்ட மாட்டா. பட்டுச் சேலையெல்லாம் எடுத்துப் பக்கத்தூட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்தா. போன வாரம் என்கிட்ட, "கொத்தமல்லி அரைக்கறப்ப உப்புக் கடைசியாப் போடோணுமுங் மாமா, நானில்லாட்டி நீங்க தப்பாத்தான் அரைப்பீங்க"ன்னா. நான் சிரிச்சேன். "நானில்லாட்டிக் கடைய டவுனுக்குள்ள பெருசா வெச்சிருப்பீங்க"ன்னும் சொன்னா. எத்தனை அக்கறை பாருங்க எம்மேல.

இதைத்தான் அந்த டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். அழுகை நின்னுருச்சு, மூக்குத்தியக் கூடக் குடுத்துட்டா, அத்தனை தெளிவா இருக்கறாங்கன்னு. சொன்னதும் கையில இருந்த பேனாவக் கீழ வெச்சிருச்சு.

இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு நல்லது சொன்னாலும் மூஞ்சி மாறுது. ஏனுங் தம்பி, நீங்க கூட ஏன் என்னைய அப்புடிப் பாக்கறீங்க?

இருங்க. சித்தெ இருங்க.

உள்ள சத்தம் கேக்குதில்ல? சாந்தாமணிதான். அழுகறா. ஆமாங்க, அவதான், எனக்குத் தெரியாதா? அட, நின்னு போச்சுன்னு சொல்லிட்டு இருக்கறப்பவே பாருங்க! அந்தம்மா புதுசு, பயந்துக்கும். வேற எதையாச்சும் நெனைச்சுக்கும். நான் போய், அது அழுகையில்லீங்க, நரம்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். இந்தப் பையைப் பாத்துக்குங்க.

...

நர்ஸு உள்ள விட மாட்டேங்குதுங்க. கதவைச் சித்தெத் தொறந்து, "அழுது முடிக்கட்டும், அது வரைக்கும் யாரும் வர வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க"ன்னுட்டு மறுக்காச் சாத்திருச்சு. அழுது முடிக்கட்டுமாம். முடிக்கறதுக்கு என்னங்க இருக்குது அதுல? நாந்தான் சொன்னேனே, ரெண்டு நிமிசம். கொழாயைத் திருகுன மாதிரி.

கதவுச் சந்துல பாத்தேன். அந்த டாக்டரம்மா நாற்காலிய இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்திருக்குது. சாந்தாமணி அதோட கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்றா. அழுதுட்டே சொல்லிட்டு இருக்கறா. அத்தனை பேச்சு எங்க இருந்து வந்துதுன்னு தெரியல. அவ பேசி நான் கேட்டு எத்தனை நாளாச்சு.

இப்ப நின்னுரும் பாருங்க.

உங்களுக்குக் கேக்குதுங்களா? எச்சாகுதா, கொறையுதா? எங்காது மோட்டார் சத்தத்துல மந்தமாப் போச்சு, அதான் கேக்கறேன். எச்சாகுதுங்களா?

எழவு ஊட்டுல மொதல்ல உக்காந்தா பாருங்க, சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி. அண்ணன் காலைப் புடிச்சுக்கிட்டு ஒரு அழுகை அழுதா. அந்தச் சத்தமாட்டம் இருக்குதுங்க இது. அது நரம்பில்ல. அன்னைக்கு அது அவதான்.

தம்பி, அங்க பாருங்க, ஸ்கேன் ரூம்ல இருந்து வர்றது உங்க தங்கச்சிங்களா? பச்சைச் சுடிதாரு. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. செவுத்தைப் பாத்துட்டு நிக்குது. என்ன நீங்க, என்னையவே பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க? போங்க. போய் என்னன்னு கேளுங்க. சுருக்காப் போங்க தம்பி, கேளுங்க.

நான் வர்லீங்க. நான் இந்தக் கதவுகிட்டயே நிக்கறேன். ரெண்டு நிமிசம் எப்பவோ ஆயிருச்சு. இன்னும் நிக்கலீங்களே.